கிண்ணியாவில் வார்த்த முகம்

போன மாதம் உப்புவெளியில் ஒரு தேநீர்க் கடைக்கு முன்னால் காரை நிறுத்தியிருந்தேன். கொழும்பிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பழைய கார்களை அறிந்தவர் என்பது அவர் குனிந்து பார்த்த இடங்களிலேயே தெரிந்தது. ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட், முதல் வகை என்று சரியாகச் சொன்னார். பொனெட்டைத் திறந்து காட்டச் சொன்னார், காட்டினேன். உள்ளே டொயோட்டா எஞ்சினைக் கண்டதும் அவருடைய முகம் வாடிவிட்டது. “நல்ல காரைக் கெடுத்துவிட்டீர்களே, தம்பி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தப்பட்டுத்தான் சொன்னார். அதனால்தான் அந்தச் சொல் இன்னும் எனக்குள் கிடக்கிறது. அன்று நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. ஒரு தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பதிலும் அல்ல அது. இங்கே எழுதுகிறேன்.

திருகோணமலையில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களைத் திருத்துவது என் தொழில். இருபத்தாறு வருடமாக இதே வேலைதான். உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் பட்டறையைத் திறந்தால் துருவின் முகத்தில்தான் விழிக்கிறேன்.

இந்தக் கார் 2013இல் என்னிடம் வந்தது. கண்டிக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கைவிடப்பட்ட கொட்டகை ஒன்றில், கோழிகள் முட்டையிடும் இடமாக இருந்தது. தோட்டத்துத் துரை ஒருவர் புதிதாக வாங்கியதாம். பிறகு கைமாறிக் கைமாறி, கடைசியில் எவருக்கும் வேண்டாததாகிவிட்டது. எஞ்சின் பிளாக்கில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. தரைத்தகடு இரண்டு இடங்களில் கை நுழையும் அளவுக்கு உக்கிப்போயிருந்தது. ஆனால் கதவுகள் இரண்டும் உரசாமல் திறந்து மூடின. காரின் உடல் முறுக்கிக்கொள்ளவில்லை என்பதற்கு அந்த ஒரு சாட்சி எனக்குப் போதுமாக இருந்தது. லொறியில் ஏற்றி, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக ஊருக்குக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் பிள்ளைகள் கையசைத்தார்கள். அவர்கள் கையசைத்தது எனக்கல்ல, அந்த முகத்துக்கு.

அந்த முகத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்விளக்குகள் இரண்டும் பொனெட்டின் மேலேயே எழும்பி நிற்கும், தண்ணீருக்கு மேலே தலையை மட்டும் நீட்டும் தவளையின் கண்களைப்போல. இங்கிலாந்தில் தவளைக்கண் என்றே அழைத்தார்கள். அமெரிக்காவில் பூச்சிக்கண் என்றார்கள். கீழே கிறில் சிரிக்கும் வாய்போல இருக்கும். விளக்குகளைத் தேவையில்லாதபோது மடித்துப் படுக்கவைப்பதுதான் முதலில் இருந்த திட்டம். செலவு கூடுகிறது என்று அதைக் கைவிட்டார்கள். விளக்குகள் நின்ற நிலையிலேயே நின்றுவிட்டன. பணத் தட்டுப்பாட்டில் பிறந்த அழகு அது. 1958 மே 20ஆம் திகதி மொன்டே கார்லோவில் அறிமுகமாகி, 1961 வரை இந்த உருவத்தில் நாற்பத்தொன்பதாயிரம் வரையான கார்கள் உருவாகின.

வெடித்த எஞ்சினுக்குப் பதில் அதே இனத்து எஞ்சினையே போட்டிருக்கலாமே என்று பெரியவர் கேட்கக்கூடும். முதலில் அதைத்தான் செய்தேன். ஸ்பிரைட்டுக்குள் இருந்தது ஆஸ்டினின் 'ஏ' வரிசையைச் சேர்ந்த 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின், 43 குதிரைவலு. அதே வரிசைதான் மொரிஸ் மைனரிலும் இருக்கிறது. மொரிஸ் மைனர் இல்லாத ஊர் இலங்கையில் ஏது? 1098 கொள்ளளவுள்ள ஒன்றைத் தேடிப்பிடித்துப் பொருத்தினேன். 2015இலிருந்து மூன்று வருடம் ஓடியது. ஆனால் அந்த எஞ்சினில் பிஸ்டன் 83.7 மில்லிமீற்றர் ஏறி இறங்குகிறது. அதைத் தாங்குவதோ 948க்கு அமைத்த அதே மெல்லிய பேரிங்குகள். மொரிஸ் மைனரில் வீட்டுக்கும் கோயிலுக்கும் போய்வந்தால் ஆயுளுக்கும் உழைக்கும். விளையாட்டுக் காரில் காலை அழுத்தி ஓட்டினால் தாங்காது. கந்தளாய்க் குளக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாலை, கீழேயிருந்து உலக்கை இடிப்பதுபோலச் சத்தம் கேட்டது. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் படுத்துவிட்டது. தள்ளி ஓரத்தில் நிறுத்திவிட்டுக் குளக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். வண்டி வந்து இழுத்துப் போக இரவு ஒன்பது மணியானது.

அதன் பிறகு நான்கு வருடம் கார் பட்டறை மூலையில் கிடந்தது. இங்கிலாந்திலிருந்து உதிரிப்பாகம் வரவழைக்கலாம் என்று பணம் சேர்த்துக்கொண்டிருந்தபோது, 2020இல் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. 2022இல் ஒரு டொலரின் விலை 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியது. நான் சேர்த்த பணத்தின் பெறுமதி சில வாரங்களில் பாதியாகிவிட்டது.

அந்த வருடத்தை இங்குள்ளவர்கள் மறக்கமாட்டார்கள். படகு எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் இல்லை. படகுகள் கரையில் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. படகு ஓடாவிட்டால் எஞ்சின் பழுதாகாது. எஞ்சின் பழுதாகாவிட்டால் எனக்கு வேலை இல்லை. கிண்ணியாவில் பைபர் படகு செய்யும் நானா ஒருவர் எனக்கு நீண்டகாலப் பழக்கம். அவருக்கும் வேலை இல்லை. அவருடைய கொட்டகையில் பாதி செய்த படகு ஒன்றும், பைபரை இறுக்கும் ரெசின் பசை, கடைசியாக வாங்கியதில் மூன்று கலனும் இருந்தன. இரண்டு பேரும் ஒருநாள் வெறும் தேநீர் குடித்துக்கொண்டு பேசிய பேச்சில்தான் இந்தக் கார் மறுபடி எழுந்தது.

டொயோட்டாவைத் தேர்ந்ததற்குக் காரணம் எளிது. கொரொல்லா டிஎக்ஸ் வேகனை நம் நாட்டில் அறியாதவர் இல்லை. அதிலிருக்கும் 4கே எஞ்சின் 1290 கன சென்ரிமீற்றர். இரும்பு பிளாக், அலுமினியத் தலை. ஆஸ்டினைப்போலவே தள்ளுதண்டு வால்வுகள். எந்தக் கடைத்தெருவிலும் அதற்கு வாசர் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுவார். தம்பலகாமப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில், பின்னால் அடிபட்ட வேகன் ஒன்றின் எஞ்சினும் ஐந்து கியர் கொண்ட கே50 பெட்டியும் கிடைத்தன. ஒன்றைச் சொல்லிவைக்கிறேன்: இப்படி எஞ்சின் வாங்குபவர்கள் அதற்குரிய காகிதங்களையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். எஞ்சின் இலக்கம் மாறினால் வாகனப் பதிவிலும் அது மாறவேண்டும். பிறகு தேடி அலைவது எஞ்சின் மாற்றுவதைவிடக் கடினம்.

எடைதான் எனக்கு முதல் கவலை. பாரமான எஞ்சினை இந்தச் சின்னக் காரின் மூக்கில் ஏற்றினால் வளைவில் அது திரும்பாது, நேரே போகும். இதை நான் எம்ஜிபி என்ற இங்கிலாந்து விளையாட்டுக் காரின் கதையிலிருந்து கற்றேன். கென் கொஸ்டெல்லோ என்பவர் 1970ஐ ஒட்டி எம்ஜிபிக்குள் ரோவரின் 3.5 லீற்றர் வி8 எஞ்சினைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். எட்டு சிலிண்டர் என்றால் பாரமாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் ரோவரின் எஞ்சின் முழுக்க அலுமினியம்; எம்ஜிபியின் நான்கு சிலிண்டர் இரும்பு எஞ்சினைவிட அதிகம் கனமில்லை. அவருடைய வேலையைப் பார்த்துவிட்டு 1973இல் எம்ஜி நிறுவனமே அதே எஞ்சினோடு ஒரு வகையை வெளியிட்டது. 2591 கார்கள் செய்தார்கள். நானும் இரண்டு எஞ்சின்களையும் ஒரு நெல் ஆலைத் தராசுக்குக் கொண்டுபோனேன். வித்தியாசம் பத்துக் கிலோவுக்குள்தான் இருந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

பொருத்தும் வேலை பட்டறை வாசலில் நிற்கும் வேப்பமரத்தின் கீழ் நடந்தது. கிளையில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டு, உள்ளுறுப்புகள் எல்லாம் கழற்றிய வெறும் பிளாக்கையும் கியர்பெட்டியையும் சேர்த்துக் காருக்குள் இறக்குவோம். எங்கே இடிக்கிறது என்று சுண்ணக்கட்டியால் குறிப்போம். தூக்குவோம். மறுபடி இறக்குவோம். இருபது தடவைக்கு மேல் இப்படி ஏறி இறங்கியது. முன் குறுக்குச்சட்டத்தில் எண்ணெய்த் தொட்டி முட்டியது; தொட்டியை வெட்டிப் பின்பக்கம் ஆழமாக்கி ஒட்டினேன். ஸ்டியரிங் தண்டுக்குப் பக்கத்தில் ஒரு விரல் இடைவெளி கிடைத்ததும் அன்றைய வேலையை நிறுத்திவிட்டுக் கடலில் குளிக்கப் போனோம். மின்வெட்டு நேரம் பார்த்துத்தான் வெல்டிங். மின்சாரம் இருக்கும் மணித்தியாலங்களில் ஒட்டுவது, இல்லாதபோது அளப்பதும் அராவுவதும். நிதானமாக அளக்க வேண்டியிருந்ததால் பிழை குறைந்தது என்று இப்போது தோன்றுகிறது.

கியர்பெட்டி போகும் சுரங்கம் இரண்டு இடங்களில் இடித்தது. கியர்பெட்டியின் உறையில் தேவையற்றுத் துருத்திக்கொண்டிருந்த காதுகளை அரைத்தெடுத்தேன். ஓரிடத்தில் மட்டும் தகட்டைச் சுத்தியலால் அடித்து உள்வாங்கச் செய்யவேண்டியிருந்தது. அந்த அடியை அடிக்கக் கை வரவில்லை. அப்போது சன்பீம் டைகர் ஞாபகம் வந்தது. 1964இல் சன்பீம் அல்பைனுக்குள் ஃபோர்ட் வி8 எஞ்சினை ஏற்றி அந்தக் காரைச் செய்தபோது, எஞ்சினுக்கு இடம் விட, பூச்சு பூசிவந்த உடலின் முன்சுவரைத் தொழிற்சாலையிலேயே சம்மட்டியால் அடித்து ஒதுக்கினார்களாம். பெயர்பெற்ற தொழிற்சாலையே அப்படிச் செய்திருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு அடித்தேன். நான்கு அடி, உள்ளங்கை அகலத்தில் ஒரு குழிவு. வெட்டு இல்லை. வேண்டுமென்றால் மறுபக்கத்திலிருந்து தட்டி நிமிர்த்திவிடலாம்.

இதுதான் நான் எனக்கே போட்டுக்கொண்ட கட்டு. திரும்பிப் போக முடியாத எதையும் செய்யக்கூடாது. எஞ்சின் தாங்கிகளை உடலில் ஒட்டவில்லை. பழைய தாங்கிகள் பூட்டியிருந்த அதே துளைகளில் போல்ட் போட்டுப் பூட்டினேன். கியர்பெட்டியின் பின்தாங்கியும் அப்படியே. பழைய 948 எஞ்சின், வெடிப்போடு, கிறீஸ் பூசிச் சாக்கில் சுற்றிப் பரணில் இருக்கிறது. அதன் இலக்கத் தகட்டைக்கூட நான் கழற்றவில்லை.

என் மருமகனுக்கு இதில் உடன்பாடில்லை. கெட்டிக்காரப் பிள்ளை, தகர வேலையில் கை தேர்ந்தவன். ஸ்பிரைட்டுக்கு டிக்கி மூடி கிடையாது. சாமான் வைக்க வேண்டுமென்றால் இருக்கையைச் சாய்த்து, அதன் பின்னாலிருக்கும் இருட்டுக்குள் கையை விட்டுத் தேடவேண்டும். “மாமா, பின்னால் ஒரு மூடி வெட்டித் தருகிறேன், ஒரே நாள் வேலை” என்று பலமுறை கேட்டுவிட்டான். அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் இல்லை. உடல் தகடே சட்டகம். பின்வில்லுகள் பாதி நீளத்துக்கு வெட்டியவைபோல இருக்கும். அவற்றின் தடித்த முனை தரையின் பின்பகுதியில் பூட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சுமையைத் தாங்குவதற்காகவே பின்பக்கத்தை மூடிய ஓடாக வைத்தார்கள். அங்கே துளை போட்டால் முட்டையின் ஓட்டில் துளை போட்டதுபோலத்தான். எஞ்சின் மாற்றுவது வேறு. இது வேறு.

இந்தக் காரை உருவாக்கிய ஹீலியைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் பெரியவரின் வருத்தத்துக்கு உண்மையான பதில் அங்கேதான் இருக்கிறது. டொனால்ட் ஹீலி தன் கார்களுக்கு எப்போதும் பிறருடைய எஞ்சின்களையே எடுத்தார். அவர் பெயரில் வந்த முதல் கார்களில் ரைலி எஞ்சின். பிறகு 1949இன் கடைசியில், கடிலாக் எஞ்சின் கேட்டு அமெரிக்காவுக்குக் கப்பலில் போகும் வழியில், நாஷ் நிறுவனத் தலைவர் ஜோர்ஜ் மேசனைச் சந்தித்தார். கடிலாக் கிடைக்கவில்லை, நாஷ் எஞ்சினோடு நாஷ்-ஹீலி பிறந்தது. 1952இல் ஹீலி 100. அதில் ஆஸ்டின் எஞ்சின். தவளைக்கண்ணனிலோ எஞ்சினும் முன் சஸ்பென்ஷனும் ஆஸ்டின் ஏ35இலிருந்து வந்தவை, ஸ்டியரிங் மொரிஸ் மைனரிலிருந்து வந்தது. கிடைத்ததைக் கொண்டு நல்லதைச் செய்வதுதான் அந்த மனிதரின் கலை. பிரிஸ்டல் நிறுவனம் எஞ்சின் தயாரிப்பதை நிறுத்த முடிவுசெய்ததால் ஏசி நிறுவனத்தின் ஏஸ் கார் தடுமாறிய நேரத்தில்தான் கரோல் ஷெல்பி அதற்குள் ஃபோர்ட் வி8ஐ வைத்து 1962இல் கோப்ராவைக் கொண்டுவந்தார். அதை இன்று யாரும் கெட்டுப்போன ஏஸ் என்று சொல்வதில்லை. திருகோணமலையில், 2022இல், ஹீலியின் கைக்கு எட்டியிருக்கக்கூடிய எஞ்சின் எது? அவரும் அந்த இரும்புக் கடைக்குத்தான் போயிருப்பார் என்று நான் மனமார நம்புகிறேன்.

இனிப் பொனெட்.

ஸ்பிரைட்டின் பொனெட் சாதாரண மூடி அல்ல. இரண்டு முன் சிறகுகள், விளக்குகள், மூக்கு எல்லாம் சேர்ந்த ஒரே துண்டு. எஃகில் செய்ததைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். பிணைச்சல் கண்ணாடிப் பக்கம் இருப்பதால், முன்னாலிருந்து தூக்கிவிட்டு முதலையின் வாய்க்குள் தலையைக் கொடுப்பதுபோலக் கொடுத்துத்தான் வேலை செய்யவேண்டும். என்னுடையதின் கீழ் ஓரங்கள் முழுக்க உக்கிப்போயிருந்தன. உப்புக் காற்றில் புதுத் தகடு ஒட்டினாலும் ஐந்தாறு வருடத்தில் மறுபடி அதே கதைதான்.

மீன் ஏற்றும் சிறு லொறி ஒன்று வெறுமையாகத் திரும்பியபோது, எஃகுப் பொனெட்டை அதில் போட்டுக் கிண்ணியாவுக்குக் கொண்டுபோனேன். நானா அதைக் கொட்டகை நடுவே இரண்டு ஸ்டூல்களில் கவிழ்த்துவைத்து, நீண்ட நேரம் கையால் தடவிப் பார்த்தார். படகின் அடியைத் தடவும் அதே தடவல். பிறகு கேட்டார்: “படகுக்கு அலை அடிக்கும் இடத்தில் தடிப்பு வைப்போம், தம்பி. இதற்குக் காற்று எங்கே அடிக்கும்?” இதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. விளக்குகளுக்கு முன்னாலும், வேகத்தில் காற்று உள்ளே புகுந்து மேலே தூக்கப்பார்க்கும் சிறகு ஓரங்களிலும் என்றேன். அந்த இடங்களில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டார்.

எஃகுப் பொனெட்டின் குழிகளையெல்லாம் புட்டி வைத்து நிரப்பி, தேய்த்து, மெழுகு போட்டோம். ஏழு பூச்சு மெழுகு. ஒவ்வொன்றையும் துணியால் மினுக்கவேண்டும். என் மகள் பாடசாலை இல்லாத நாட்களில் வந்து மினுக்கினாள். சக்கர வளைவும் மூக்கும் உள்பக்கம் திரும்புவதால் ஒரே அச்சாக எடுத்தால் கழறாது. அதனால் மூன்று துண்டுகளாக அச்செடுத்து, ஓரங்களில் விளிம்பு விட்டு, போல்ட் போட்டு இணைத்தோம். அது கச்சான் வீசும் காலம். உள்நாட்டிலிருந்து வரும் அந்தச் சூட்டுக் காற்றில் ரெசின் நினைத்ததைவிட வேகமாக இறுகும். கடினமாக்கியை நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் விடக்கூடாது என்பது நானாவின் கணக்கு. ஒருநாள் நான் கலக்கிய வாளியில் கொஞ்சம் கூடிவிட்டது. தூரிகையை இரண்டாம் முறை நனைக்கும்போதே கட்டியாக வந்தது, வாளி கை சுட்டது, புகை கிளம்பியது. நானா என் கையிலிருந்து பிடுங்கி வெளியே மணலில் கவிழ்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த நாட்களில் ஒரு வாளி ரெசின் என்ன விலை என்று இருவருக்கும் தெரியும். அன்றிலிருந்து விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கி, வெயில் கொட்டகைக்குள் வருமுன் நிறுத்திவிடுவோம்.

உருவத்தை மாற்றுவதா என்ற பேச்சும் அங்கேதான் வந்தது. விளக்குகள் காற்றைத் தடுக்கின்றன, பின்னால் சாய்வாக இறக்கிவிடலாம் என்றார் நானா. அந்தக் காரை வரைந்தவர்களும் அதையேதான் முதலில் நினைத்தார்கள் என்று சொன்னபோது அவருக்கு மகிழ்ச்சி. ஆனால் நான் சம்மதிக்கவில்லை. அந்தக் கண்களை எடுத்துவிட்டால் வழியில் பிள்ளைகள் எதற்குக் கையசைப்பார்கள்? மூன்று மாற்றங்களுக்கு மட்டும் இசைந்தேன். பிணைச்சலை முன்பக்கம் கொண்டுவந்தோம். இப்போது மூக்குப் பக்கமாக முழுப் பொனெட்டும் கவிழும், எஞ்சின் முழுவதும் வெட்டவெளியில் தெரியும். இரண்டாவது, சிறகுகளின் ஓரம் ஒரு விரல் அகலம் வெளியே தள்ளியது, டயருக்காக. மூன்றாவது, முன்சக்கரத்துக்குப் பின்னால் பக்கத்துக்கு மூன்று சரிவான வாய்கள், உள்ளேயிருக்கும் சூடு வெளியேற. அவற்றை எப்படி வெட்டுவது என்று நான் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தபோது, நானா பக்கத்திலிருந்த பாரை மீனைத் தூக்கிச் செவுளைத் திறந்து காட்டினார். “கடவுள் ஏற்கெனவே வரைந்துவைத்திருக்கிறான்” என்றார். அப்படியே செய்தோம். இந்தக் காரில் நான் அதிகம் தொட்டுப் பார்ப்பது அந்தச் செவுள்களைத்தான்.

அச்சிலிருந்து பொனெட்டைக் கழற்றிய காலை மகளும் இருந்தாள். நானா விளிம்புகளின் போல்ட்டுகளைக் கழற்றி, மரச் சுத்தியலால் சுற்றிவரத் தட்டினார். அசையவில்லை. பிறகு ஒரு போத்தல் தண்ணீரை எடுத்து, அச்சுக்கும் பொனெட்டுக்கும் இடையே மயிரிழைபோலத் தெரிந்த விரிசலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். தண்ணீர் உள்ளே இறங்குவது மினுமினுப்பாகத் தெரிந்தது. இன்னும் ஒரு தட்டு. உள்ளேயிருந்து இளநீர் வெட்டும்போது கேட்பதைப் போன்ற ஒரு சத்தம். இடது பக்க அச்சு அப்படியே கையோடு வந்தது. உள்ளே அந்த முகம், ஈரமாக, ஒரு கோடுகூட இல்லாமல். மகள் அதைத் தனியாகவே தூக்கி வெளியே வெயிலில் வைத்தாள்.

மிச்ச வேலைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் டிரம் பிரேக்குகள் இருந்தன. இலண்டனிலிருக்கும் சித்தப்பாவின் மகன், ஸ்பிரைட்டில் 1962இன் கடைசியிலிருந்து வந்த டிஸ்க் பிரேக்குகளை அச்சுமுனைகளோடு வாங்கி, பயணப் பையில் பிரித்துப் பிரித்துக் கொண்டுவந்து தந்தான். எஞ்சின் வலுவைக் கூட்டிவிட்டுப் பிரேக்கைப் பழையபடி விடுகிறவர்களை நான் மன்னிக்கமாட்டேன். ரேடியேட்டருக்கு மின்விசிறி வைத்தேன். புரொப்பெல்லர் தண்டை நீளம் மாற்றச் சொல்லி ஒரு பட்டறையில் கொடுத்தேன். சமநிலை பார்க்காமலே தந்துவிட்டார்கள். மணிக்கு எழுபது கிலோமீற்றரில் இருக்கையே அதிர்ந்தது. கழற்றி, கொழும்புக்கு அனுப்பி, சமன்செய்து வரவழைக்க இரண்டு மாதம். கடல் பக்கம் ஓடும் காருக்குத் துருப்பிடிக்காத போல்ட்டுகளே நல்லது. படகுக்குப் பாவிப்பதையே இதற்கும் போட்டேன்.

முதல் நீண்ட ஓட்டம் கிண்ணியாவுக்கு. அப்போது பெற்றோல் வாரத்துக்கு 20 லீற்றர் என்ற கணக்கில் கிடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் ஓட்டாமல் சேர்த்துவைத்தேன். விடியுமுன் புறப்பட்டு, சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளைத் தாண்டிப் போகும்போது எஞ்சின் சூடாகிச் சீராகிவிட்டது. பழைய பெட்டியில் முதல் கியருக்குச் சின்க்ரோ கிடையாது. வண்டி நின்றால்தான் சத்தமில்லாமல் விழும். புதியதில் கை வைத்தாலே விழுகிறது. ஐந்தாவது கியரில் எஞ்சின் முணுமுணுப்பாகிவிடுகிறது. அந்தச் சின்னக் காரில் அப்படி ஓர் அமைதியை நான் எதிர்பார்க்கவில்லை. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது குடாவின் மேல் சூரியன் வந்தது. 2009இல் இந்தப் பாலம் திறக்கும்வரை படகுப் பாதையில் காத்துக்கிடந்துதான் கடந்தோம். பாலத்தின் நடுவில், வாடைக்கு முந்திய குளிர்க்காற்று பக்கவாட்டில் அடித்தது. பொனெட்டைப் பார்த்தேன். அசையவே இல்லை. சுண்ணக்கட்டியால் நானா போட்ட வட்டங்கள் ஞாபகம் வந்தன.

கொட்டகை வாசலில் நின்ற அவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு செவுளுக்குள் கையை வைத்துப் பார்த்து, “மூச்சு விடுகிறது” என்றார். பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மூதூர் வீதியில் கொஞ்சத் தூரம் போய்த் திரும்பினோம்.

பெரியவரே, இதை நீங்கள் படித்தால் சொல்கிறேன். எஃகுப் பொனெட் என் பட்டறைச் சுவரில் தொங்குகிறது. அதன் மேல் ஒரு வெட்டும் இல்லை. பழைய எஞ்சின் பரணில் இருக்கிறது. அந்த வெடிப்பை முறையாகத் தைக்கத் தெரிந்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் அழைத்து வாருங்கள். வேப்பமரமும் செயின் பிளாக்கும் அங்கேயேதான் இருக்கின்றன, இரண்டு நாளில் பழையபடி பூட்டிவிடலாம். அதற்கு முன் ஒரு விடியற்காலையில் இப்போதிருக்கிறபடியே நீங்கள் ஓட்டிப் பாருங்கள். சாவி கண்ணாடிக்குக் கீழே இடது பக்க ஆணியில் தொங்கும்.